பூட்டிய கதவும் பறக்கும் தட்டும்

(பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு, இறை இரக்க ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: யோவான் 20:19-31)



இன்றைய நற்செய்தி ஒரு பூட்டிய கதவோடு தொடங்குகிறது. கதவுக்கு வெளியே எருசலேம் நகரம். உள்ளே, அச்சத்தில் ஒடுங்கிக் கிடக்கும் சீடர்கள். அவர்கள் எதற்கு அஞ்சினார்கள்? தங்கள் போதகரைக் கொன்றவர்கள் தங்களையும் தேடி வருவார்களோ என்ற பயம் ஒன்று. அதை நற்செய்தியாளர் யோவானே சொல்லிவிடுகிறார். இன்னொரு பயமும் அவர்கள் உள்ளத்தில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று காலையில்தான் மகதலா மரியா வந்து, தாம் ஆண்டவரைக் கண்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல செய்திதான். ஆனால், நெருக்கடி நேரத்தில் ஒருவரைத் தனியே விட்டுவிட்டு நாம் ஓடிவந்திருக்கிறோம். அவர் இப்போது உயிரோடு திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்படுகிறோம். அப்போது நம் மனத்தில் முதலில் எழுவது மகிழ்ச்சியாகவா இருக்கும்? "வந்து என்ன கேட்பாரோ?" என்ற கலக்கமும் சேர்ந்தே எழும் அல்லவா?

கொல்லப்பட்ட ஒருவர் உயிரோடு திரும்பி வந்து நம் முன் நின்றால், அவர் பேசும் முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? இந்தக் கேள்விக்கு 1951ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படம் ஒரு பதில் சொன்னது. இன்றைய நற்செய்தி வேறொரு பதிலைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இன்று உங்களை அழைக்கிறேன்.

விண்ணிலிருந்து வந்த விருந்தாளி

அந்தப் படத்தின் பெயர் 'த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில்'. 'பூமி அசையாமல் நின்ற நாள்' என்று சொல்லலாம். அதை இயக்கியவர் ராபர்ட் வைஸ். பெயர் பழக்கமில்லாததுபோல் தோன்றலாம். ஆனால் அவருடைய இன்னொரு படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். துறவற மடத்திலிருந்து வந்து ஏழு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மரியாவின் கதையான 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தை 1965இல் எடுத்தவரும் இவரே.

1951ஆம் ஆண்டின் உலகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1949இல் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்துவிட்டது. 1950இல் கொரியாவில் போர் மூண்டது. மூன்றாம் உலகப்போர் இன்றா நாளையா என்று மக்கள் அஞ்சிய காலம். அதாவது, உலகமே கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த காலம்.

படத்தின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரில், பேஸ்பால் விளையாடும் திடல் ஒன்றில் ஒரு பறக்கும் தட்டு வந்து இறங்குகிறது. இராணுவம் சுற்றி வளைக்கிறது. உள்ளேயிருந்து கிளாட்டு என்பவர் வெளியே வருகிறார். பார்ப்பதற்கு மனிதர்போலவே இருக்கிறார். தாம் நல்லெண்ணத்தோடு வந்திருப்பதாகச் சொல்லி, கையில் கொண்டுவந்த ஒரு பரிசை நீட்டுகிறார். அது ஏதோ ஆயுதம் என்று பதற்றமடைந்த ஒரு படைவீரர் சுட்டுவிடுகிறார். பரிசு உடைகிறது, கொண்டுவந்தவர் காயப்பட்டு விழுகிறார். பிறகுதான் அது என்ன என்று தெரிகிறது. மற்றக் கோள்களில் உள்ள வாழ்வை அறிந்துகொள்ள உதவும் கருவி அது. அமெரிக்க அதிபருக்காகக் கொண்டுவந்தது.

அவரோடு கூடவே ஓர் இரும்பு மனிதனும் வந்திருக்கிறது. அதன் பெயர் கோர்ட். நம் காதுக்கு நீதிமன்றம்போல ஒலிக்கிறது. அதன் வேலையும் ஏறக்குறைய அதுதான். கிளாட்டு சுடப்பட்டதும் அதன் முகமூடி மெல்லத் திறக்கிறது. உள்ளேயிருந்து பாயும் ஒளிக்கதிர் துப்பாக்கிகளையும் பீரங்கி வண்டிகளையும் இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

உலகத் தலைவர்கள் அனைவரையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும் என்று கிளாட்டு கேட்கிறார். 'அது நடக்காது, அவர்கள் ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள்' என்று அதிகாரிகள் கைவிரிக்கிறார்கள். எனவே அவர் மருத்துவமனையிலிருந்து நழுவி, சாதாரண மக்களோடு வாழ்ந்து பார்க்க முடிவு செய்கிறார். ஒரு வாடகை விடுதியில் அறை எடுக்கிறார். அங்கே ஹெலன் என்ற இளம் விதவையும் அவருடைய மகன் பாபியும் இருக்கிறார்கள். பாபியின் தந்தை இத்தாலியின் ஆன்சியோ போர்க்களத்தில் இறந்தவர். காலை உணவு வேளையில் விடுதிக்காரர்கள், 'விண்வெளியிலிருந்து வந்த அந்த ஆள் எங்கே ஒளிந்திருக்கிறானோ!' என்று பேசிக்கொள்கிறார்கள். 'அவன் விண்ணிலிருந்தெல்லாம் வரவில்லை, இந்தப் பூமியிலேயே எந்த நாட்டிலிருந்து வந்தான் என்று நமக்குத் தெரியாதா?' என்கிறார் ஓர் அம்மையார். அவர் சொல்ல வருவது ரஷ்யாவை. அவர்கள் தேடும் ஆள் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எம்மாவு வழியில் நடந்த இரு சீடர்கள் நினைவுக்கு வருகிறார்களா?

சிறுவன் பாபி அவரைத் தன் தந்தையின் கல்லறைக்கு அழைத்துப் போகிறான். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கல்லறைக் கற்களைப் பார்த்து, இவர்கள் எல்லாரும் போரில் இறந்தவர்களா என்று வியந்து நிற்கிறார் கிளாட்டு. போர்களே இல்லாத இடத்திலிருந்து வந்தவர் அவர்.

பிறகு, பார்ன்ஹார்ட் என்ற அறிவியல் பேராசிரியரின் யோசனைப்படி, தம் வல்லமைக்கு ஒரு சிறு அடையாளம் காட்டுகிறார். ஒருநாள் நண்பகலில், அரைமணி நேரம், உலகம் முழுவதும் மின்சக்தி நின்றுபோகிறது. கார் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, தொழிற்சாலை ஓடவில்லை. மருத்துவமனைகளையும் பறந்துகொண்டிருந்த விமானங்களையும் மட்டும் அவர் தொடவில்லை.

முடிவில், ஹெலனை மணக்க இருந்த டாம் என்பவர், புகழுக்கு ஆசைப்பட்டு அவரைக் காட்டிக்கொடுக்கிறார். படைவீரர்கள் துரத்திச் சுட்டுக் கொல்கிறார்கள். தாம் இறந்தால் இரும்பு மனிதன் உலகையே அழித்துவிடும் என்று அஞ்சிய கிளாட்டு, அதைத் தடுக்கும் மூன்று சொற்களை முன்கூட்டியே ஹெலனிடம் சொல்லியிருக்கிறார். அவர் நடுங்கிக்கொண்டே போய் அந்தச் சொற்களைச் சொல்கிறார். இரும்பு மனிதன் நிற்கிறது. பிறகு போய் கிளாட்டுவின் உடலை எடுத்துவந்து, கலத்துக்குள் வைத்து உயிர்ப்பிக்கிறது. எழுந்து வந்த கிளாட்டு, வெளியே கூடியிருக்கும் அறிவியலாளர்களிடம் பேசிவிட்டு, விண்ணேறிச் சென்றுவிடுகிறார்.

தச்சர் என்ற பெயர்

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். விண்ணிலிருந்து வருகிறார், தமக்கு உரியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, எளியவர்களோடு தங்குகிறார், ஒரு சிறு பிள்ளை அவருக்கு நண்பனாகிறது, நெருங்கிய வட்டத்தில் ஒருவர் காட்டிக்கொடுக்கிறார், கொல்லப்படுகிறார், எழுகிறார், விண்ணேறுகிறார். போதாததற்கு, விடுதியில் அவர் சொல்லும் பெயர் 'கார்ப்பென்டர்', அதாவது தச்சர்.

இது தற்செயல் இல்லை. இயேசுவின் வாழ்வை மனத்தில் வைத்தே இதை எழுதியதாகத் திரைக்கதை ஆசிரியர் எட்மண்ட் நார்த் பின்னாளில் ஒத்துக்கொண்டார். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நினைத்துத் தமக்குத்தாமே செய்துகொண்ட ஒரு குறும்பாக அதைக் கருதினாராம்.

ஆனால் ஓர் இடத்தில் இந்தக் குறும்பு மாட்டிக்கொண்டது. அந்நாள்களில் அமெரிக்கப் படங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் ஜோசப் பிரீன். அவர் ஒரு கத்தோலிக்கர். அந்த அலுவலகம் பயன்படுத்திய விதிமுறைகளை 1930இல் எழுதியவர்களில் ஒருவரும் டேனியல் லார்ட் என்ற இயேசு சபை அருள்பணியாளரே. இறந்தவரை ஓர் இயந்திரம் உயிர்ப்பிப்பதா? உயிரும் சாவும் கடவுளின் கையில் அல்லவா இருக்கின்றன? இந்த எதிர்ப்பின் விளைவாக ஓர் உரையாடல் சேர்க்கப்பட்டது. வாழ்வின்மீதும் சாவின்மீதும் உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று ஹெலன் கேட்க, இல்லை, அது எல்லாம் வல்ல ஆவிக்கு மட்டுமே உரியது என்கிறார் கிளாட்டு. தமக்குக் கிடைத்தது கொஞ்சக் கால நீட்டிப்புதான். அது எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்கிறார்.

கதையை எழுதியவர்கள் விரும்பிச் சேர்த்த வரிகள் அல்ல இவை. ஆனாலும் பெரிய உண்மை ஒன்று இதில் இருக்கிறது. கிளாட்டு பெற்றது இலாசர் பெற்றதைப்போன்றது. இலாசர் கல்லறையிலிருந்து வந்தார். மீண்டும் ஒருநாள் கல்லறைக்குப் போனார். நம் ஆண்டவர் உயிர்த்தது அப்படியல்ல. சாவு இனி அவர்மீது ஆட்சி செலுத்தாது என்று பவுல் அடிகளார் உரோமையருக்கு எழுதுகிறார் (உரோ 6:9). பழைய வாழ்வுக்குச் சில நாள்கள் கூடுதலாகக் கிடைத்ததை நாம் பாஸ்காவில் கொண்டாடவில்லை. முடிவில்லாத புது வாழ்வைக் கொண்டாடுகிறோம்.

எழுந்தவர் சொன்ன முதல் செய்தி

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். உயிரோடு திரும்பி வந்தவர் என்ன பேசினார்?

கிளாட்டு தம் கலத்தின் வாசலில் நின்று பேசுகிறார். அவருக்குப் பின்னால் இரும்பு மனிதன் அசையாமல் நிற்கிறது. அவர் சொல்லும் செய்தியின் சாரம் இதுதான்: 'எங்கள் கோள்களில் போர் இல்லை. ஏனெனில் இந்த இயந்திர மனிதர்களைக் காவலர்களாக நியமித்து, அவர்களுக்கு முழு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டோம். யார் வன்முறையைத் தொடங்கினாலும் அவை உடனே தண்டிக்கும். அந்த அதிகாரத்தை நாங்களே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. நீங்கள் உங்களுக்குள் எப்படி அடித்துக்கொண்டாலும் அது உங்கள் பாடு. ஆனால் அந்த வன்முறையை விண்வெளிக்குக் கொண்டுவந்தால், உங்கள் பூமி எரிந்து சாம்பலாகும். எங்களோடு சேர்ந்து அமைதியாக வாழ்வதா, அழிவதா? முடிவு உங்கள் கையில்.'

அன்பர்களே, முன்பு ஒரு காட்சியில் இதே மனிதர், அறிவு இருக்க வேண்டிய இடத்தில் மக்கள் அச்சத்தை உட்கார வைப்பதைக் கண்டால்தான் தமக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு செய்தியாளரிடம் சொல்லத் தொடங்குவார். செய்தியாளர் அதை முழுதும் கேட்காமலே ஒலிவாங்கியை நகர்த்திக்கொண்டு போய்விடுவார். ஆனால் கடைசியில் அவரே பூமிக்கு விட்டுச்செல்வது என்ன? அச்சத்தைத்தான்.

பூட்டிய அறைக்குள் நடந்தது என்ன? இயேசு நடுவில் வந்து நிற்கிறார். பின்னால் படை இல்லை. பேதுருவைப் பார்த்து, 'மூன்று முறை மறுதலித்தாயே' என்று கேட்கவில்லை. 'எங்கே ஓடினீர்கள்?' என்று யாரையும் விசாரிக்கவில்லை. அமைதி உண்டாகுக என்று வாழ்த்துகிறார். வாழ்த்திவிட்டுத் தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அவர் காட்டியது தண்டிக்கும் ஆயுதத்தை அல்ல. தாம் பெற்ற காயங்களை. அதன்பின் அவர்கள்மேல் ஊதித் தூய ஆவியைக் கொடுத்து, பாவங்களை மன்னிக்கும் பணியை, அதுவும் ஓடிப்போன அதே ஆள்களிடம், ஒப்படைக்கிறார்.

இரண்டு பேரும் எழுந்தவர்கள். இரண்டு பேரும் அமைதியைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவரின் அமைதி தண்டனையின் நிழலில் நிற்கிறது. மற்றவரின் அமைதி மன்னிப்பிலிருந்து பிறக்கிறது.

மறையாத காயங்கள்

படத்தில் ஒரு சிறு காட்சி. முதல்முறை சுடப்பட்ட கிளாட்டுவை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மறுநாள் மருத்துவர்கள் வந்து பார்த்தால் குண்டுக் காயம் ஆறிப்போயிருக்கிறது. தம்மிடம் இருந்த ஒரு களிம்பைத் தடவிக்கொண்டாராம். அவருடைய அறிவியல் அவ்வளவு முன்னேறியது. ஒரே இரவில் காயத்துக்கு மருந்து போட்டு ஆற்றிக்கொள்ள அவரால் முடியும்.

உயிர்த்த ஆண்டவரின் உடலைப் பாருங்கள். சாவையே வென்ற உடல். பூட்டிய கதவு தடுக்க முடியாத உடல். ஆனால் ஆணித் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. தோமாவின் விரல் போகும் அளவுக்கு இருக்கின்றன. ஏன் அவற்றை அவர் அழித்துக்கொள்ளவில்லை? நம்மோடு அவர் கொண்ட உறவின் அடையாளம் அவை. கிளாட்டு பூமிக்கு வந்தார், அடிபட்டார், ஆறினார், போய்விட்டார். பூமியிலிருந்து எதையும் தம் உடலில் அவர் கொண்டுபோகவில்லை. இயேசுவோ நம் காயங்களைத் தம் உடலிலேயே தாங்கி, அந்த உடலோடு தந்தையின் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார்.

'தச்சர்' என்ற பெயரையும் இப்படியே பார்க்கலாம். தப்பிப் போகும்போது எடுத்துப் போட்டுக்கொண்ட வேறொருவரின் உடையில், சலவைக்குப் போட்டபோது ஒட்டிய சீட்டில் அந்தப் பெயர் இருந்தது. அதையே தம் பெயராக வைத்துக்கொண்டார் கிளாட்டு. இயேசு அந்தப் பெயரைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு தாயின் வயிற்றில் பத்து மாதம் இருந்து, யோசேப்பின் பட்டறையில் இழைப்புளி பிடித்து, கை காய்த்து அந்தப் பெயரைப் பெற்றார். மனிதரைப்போல வேடமிட்டு வந்தவர் அல்ல அவர். வாக்கு மனிதர் ஆனார் என்பதே நம் நம்பிக்கை.

பன்னிரு படைகளை வேண்டாம் என்றவர்

'கடவுளிடமும் வல்லமை இருக்கிறதே! அவரும் தண்டிக்கலாமே!' என்று நாம் கேட்கலாம். கெத்சமனியில் பேதுரு வாளை உருவியபோது இயேசு என்ன சொன்னார்? தந்தையிடம் கேட்டால் பன்னிரு படைப்பிரிவுகளுக்கும் மேலான வானதூதர்களை அனுப்புவார் என்றார் (மத் 26:53). ஒரு படைப்பிரிவு என்றால் உரோமையர் கணக்கில் ஏறத்தாழ 6,000 வீரர்கள். அதாவது ஓர் இரும்பு மனிதன் அல்ல, எழுபதாயிரம் வானதூதர்கள் தயார். அவர் அழைக்கவில்லை. அதற்கும் முன்பு, சமாரியர் ஊர் ஒன்று அவரை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து தீ விழச் செய்யட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள் (லூக் 9:54). ஆண்டவர் அந்த ஊரைக் கடிந்துகொள்ளவில்லை. திரும்பி அந்தச் சீடர்களைக் கடிந்துகொண்டார்.

கிளாட்டுவுக்கு உரிய பெருமையையும் நாம் கொடுக்க வேண்டும். தம்மைக் கொன்றவர்கள்மேல் அழிவு வந்துவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டார். ஹெலனிடம் அவர் ஒப்படைத்த மூன்று சொற்கள் பழிவாங்கலைத் தடுத்து நிறுத்தின. படம் முழுவதிலும் நற்செய்திக்கு மிக அருகில் வரும் இடம் அதுதான் என்பேன். சிலுவையில் தொங்கியபடி, தம்மை ஆணியால் அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டவரின் சாயல் அதில் தெரிகிறது. அந்தச் சொற்களைச் சுமந்துகொண்டு இருட்டில் தனியே போனவரும் ஒரு பெண்ணே. கல்லறைக்குப் போன மகதலா மரியாவைப்போல.

ஆனால் கடைசி உரையில் படம் அந்த இடத்திலிருந்து பின்வாங்கிவிடுகிறது. அன்றைய உலகத் தலைவர்கள் நம்பியதையே அதுவும் நம்புகிறது. 'என் கையில் பெரிய குண்டு இருந்தால் நீ அடிக்கமாட்டாய். உன் கையில் பெரிய குண்டு இருந்தால் நான் அடிக்கமாட்டேன்' என்பதே அந்த நம்பிக்கை. இரும்பு மனிதன் என்பது கால் முளைத்த அணுகுண்டு.

திருஅவை இந்த அமைதியை உண்மையான அமைதியாக ஏற்கவில்லை. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றபோது, திருத்தந்தை புனித 23ஆம் யோவான் வானொலி வழியாகவே தலைவர்களிடம் அமைதிக்காக மன்றாடினார். அடுத்த ஆண்டு, 1963 ஏப்ரல் 11, பெரிய வியாழனன்று, 'பாச்சேம் இன் தேரிஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். உலகில் அமைதி என்பது அதன் பொருள். இரு பக்கமும் ஆயுதங்கள் சமமாக இருப்பதால் நிலையான அமைதி வராது. ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையால்தான் வரும் என்று அதில் எழுதினார். அப்போது அவர் கடும் நோயில் இருந்தார். இரண்டு மாதம் ஆவதற்குள் இறைவனடி சேர்ந்தார். 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்ற திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, அதை வைத்திருப்பதும் அறநெறிக்கு முரணானது என்றார்.

நம் வீட்டு இரும்பு மனிதன்

அன்பர்களே, இது அமெரிக்காவையும் ரஷ்யாவையும் பற்றிய பேச்சு மட்டுமல்ல. நம் வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

'தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும்.' நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. நம் பிள்ளைகளிடமும் சொல்லியிருப்போம். சொல்லும்போது நாம் பிள்ளையின் மனத்தில் யாரை உட்கார வைக்கிறோம்? நாசரேத்து இயேசுவையா, அல்லது கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சும் இரும்பு மனிதனையா? அந்தப் பிள்ளை வளர்ந்து ஐம்பது வயதாகும்போது, ஒரு விபத்தோ நோயோ வந்தால், 'கடவுள் என்னைத் தண்டித்துவிட்டார்' என்றுதான் முதலில் நினைக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருகே வரவும் அஞ்சுகிறது. மன்னிப்பதற்காகவே உயிர்த்தவரிடம் மன்னிப்புக் கேட்கப் பயம்!

குடும்பங்களில் நிலவும் அமைதியையும் பாருங்கள். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது என்றால், அது அமைதியா, அச்சமா? அண்ணன் தம்பி இருவரும் சொத்துத் தகராறில் நீதிமன்றத் தடைக்குப் பயந்து சும்மா இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டதா? அச்சம் கையைக் கட்டிப்போடும். உள்ளத்தை மாற்ற அதனால் முடியாது. காவலர் அந்தப் பக்கம் திரும்பிய உடனே கட்டு அவிழ்ந்துவிடும்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: 'ஃபாதர், ஆண்டவரும் நரகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாரே! தீர்ப்பு உண்டு என்று நாம் விசுவாச அறிக்கையில் சொல்கிறோமே!' உண்மைதான். அதை நான் மறைக்க மாட்டேன். சட்டமும் காவலும் நாட்டுக்கு வேண்டும் என்பதையும் திருஅவை மறுக்கவில்லை. ஆனால் இரும்பு மனிதனின் தீர்ப்புக்கும் ஆண்டவரின் தீர்ப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இயந்திரத்துக்கு இரக்கம் கிடையாது. அதனால்தான் கிளாட்டுவின் மக்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம்மைத் தீர்ப்பிடப் போகிறவருக்கோ கைகளில் தழும்புகள் இருக்கின்றன. நமக்கு வரவேண்டியதைத் தாமே வாங்கிக்கொண்டவர் அவர். சாலைக்கு ஓடும் குழந்தையைப் பார்த்துத் தாய் கத்துவாள். அது மிரட்டல் அல்ல, தவிப்பு. ஆண்டவரின் எச்சரிக்கைகளும் அப்படிப்பட்டவைதாம். உலகைத் தண்டிக்க அல்ல, மீட்கவே மகன் அனுப்பப்பட்டார் (யோவா 3:17).

வானத்தில் வேறு யாராவது?

இந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: 'உண்மையிலேயே வேறு கோள்களில் ஆள்கள் இருந்தால் நம் விசுவாசம் என்ன ஆகும்?'

பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். நம் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை 1995இல் மேயர், கெலோ என்ற இரு அறிவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பின் இப்படிப்பட்ட கோள்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. எதிலாவது உயிர் இருக்கிறதா என்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. தேடுகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. வத்திக்கானுக்குச் சொந்தமாக ஒரு விண்வெளி ஆய்வு மையம் இருக்கிறது. இயேசு சபைத் துறவியர் அங்கே பணியாற்றுகிறார்கள். அதன் தலைவராக இருந்த அருள்பணி ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், 2008இல் வத்திக்கான் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், அப்படி யாராவது இருந்தால் அவர்களும் படைப்பின் ஒரு பகுதியே, அவர்களை நம் சகோதரர் என்று அழைக்கலாம் என்றார். நூறு ஆடுகளில் வழிதவறிப்போன அந்த ஓர் ஆடு ஒருவேளை மனித குலமாகவே இருக்கலாம் என்றும் சொன்னார்.

எவ்வளவு அழகான சிந்தனை! திரைப்படத்தில், கெட்டுப்போன பூமியைத் தேடி வருவது எச்சரிக்கை. நம் நம்பிக்கையிலோ, கெட்டுப்போன பூமியைத் தேடி வருபவர் ஆயர். தோளில் தூக்கிக்கொண்டு போக வருகிறார்.

அன்புக்குரியவர்களே, இந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். நல்ல படம்; பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். கடைசிக் காட்சி முடிந்ததும் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை எடுத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'இந்த இரண்டு பேரில் யார் உன் வீட்டுக்கு வர வேண்டும்?' என்று கேளுங்கள்.

இன்று இறை இரக்க ஞாயிறு. உங்களோடு பேசாத ஒருவர், நீங்கள் கதவைச் சாத்திவிட்ட ஒருவர், யாருக்காவது இருப்பார். இந்த வாரத்துக்குள் அவரிடம் போங்கள். கணக்குக் கேட்கப் போக வேண்டாம். உங்களுக்கும் வலித்தது என்பதை மறைக்கவும் வேண்டாம். ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லை. காயத்தைக் காட்டுங்கள், கூடவே அமைதியையும் கொடுங்கள். பூட்டிய கதவுகளைத் திறக்க அவர் நமக்குக் கற்றுத்தந்த வழி அதுவே.

உயிர்த்த ஆண்டவரின் அமைதி உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக. ஆமென்.